உளி தீட்ட ஜிக் செஞ்சனுங்க: அகலத் தகடு நேரா வருது, 6 மில்லி உளி மட்டும் கோணிக்குது

#1 பேட்டர்ன்கடை (கோவை, கணபதி)

எல்லாருக்கும் வணக்கமுங்க. பவுண்டரிகளுக்கு மரத்துல பேட்டர்ன் (வார்ப்பு மண்ணுல பதிச்சு அச்செடுக்கற மாதிரி உரு) செய்யற கடையில பதினாறு வருசமா இருக்கறேன். எங்க வேலையில உளி மழுங்கிப்போச்சுன்னா மரத்தை வெட்டாது, நசுக்கும். நசுங்குன எடத்துல வார்னிஷ் ஊறி மேடு கட்டிக்கும். அந்த மேடு அப்படியே மண்ணுல பதிஞ்சு காஸ்டிங்ல வந்து நிக்கும். அதனால ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை தீட்டியே ஆகோணும்.

இத்தனை நாளும் கையிலயேதான் தீட்டிட்டு இருந்தனுங்க. ரெண்டு வருசமா வலது மணிக்கட்டுல வலி. கை கொஞ்சம் ஏறி எறங்குனாலும் சரிவு (உளி நுனியில சாய்வா தேய்ச்ச முகம்) உருண்டையாயிருது. மறுக்கா நேர் பண்ணக் கால் மணி நேரம் போகுது. அதுதான் உளியை ஒரே கோணத்துல பிடிச்சுக்கற ஒரு ஜிக் செஞ்சு பாத்தறலாம்னு எறங்கினேன்.

செஞ்சது இப்படிங்க. 60 மில்லி அகலம், 40 மில்லி நீளம், 24 மில்லி கனத்துல ஒரு தேக்குக் கட்டை. முன்முகத்துலிருந்து 10 மில்லி உள்ள தள்ளி, மேல்முகத்துலிருந்து 16 மில்லி கீழ, குறுக்கால 8 மில்லி துளை. அதுல நீளமான ஒரு 8 மில்லி போல்ட். போல்ட்டோட ரெண்டு பக்கமும் ஒவ்வொரு 608 பேரிங். அந்த பேரிங் உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7. போல்ட்டுல கச்சிதமா உக்காந்துக்குது. மேல தகட்டை அமுக்கிப் பிடிக்க ஒரு மரப்பட்டை, அதுக்கு ரெண்டு ஓரத்துலயும் 6 மில்லி போல்ட், விங் நட்.

செய்யறவங்க ஒண்ணை மறந்தறாதீங்க. கட்டையோட முன்பக்கக் கீழ்மூலையைச் சரிவா இழைச்சுத் தள்ளீருங்க. நான் அதைச் செய்யாம விட்டு, 30 டிகிரிக்குச் சாய்ச்சதும் பேரிங் உருளறதுக்கு முந்தி கட்டை போய்க் கண்ணாடியில ஒரசிருச்சு.

தீட்டறதுக்குக் கல்லு இல்லீங்க. கண்ணாடிக் கடையில கழிச்சுப்போட்ட 10 மில்லி கண்ணாடித் துண்டு மேல வாட்டர் பேப்பர் (தண்ணி தொட்டுத் தேய்க்கற உப்புத்தாள்) ஒட்டிக்கறேன். கரகரப்புலிருந்து நைஸ் வரைக்கும் 320, 800, 1500, கடைசியா 2000 நம்பர்.

25 மில்லி உளியும் 19 மில்லி உளியும் அருமையா வந்துது. இழைப்புளித் தகடும் நேரா வருது, ஆனா இழைச்ச பலகையில ரெண்டு பக்கமும் முடி மாதிரிக் கோடு விழுகுது. 6 மில்லி உளிதான் ஒவ்வொரு தடவையும் இடது பக்கம் கோணிக்குது. மூலைமட்டம் வெச்சுப் பாத்து மாட்டினாலும் தீட்டி எடுத்தா கோணல்தான். எங்க தப்புன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 குறிச்சி லேத் (கோவை)

அண்ணா, உங்க மரப்பட்டையில ரெண்டு போல்ட்டும் ஓரத்துல இருக்குதில்லீங்களா? நடுவுல 6 மில்லி உளி. அப்போ அந்த உளி தராசு முள்ளு மாதிரி ஆயிருது. எந்தப் பக்கத்து நட்டை நீங்க முதல்ல முறுக்கறீங்களோ அந்தப் பக்கம் பட்டை சாயும். சாஞ்சா உளி ஒரு ஓரத்துல மட்டும் பிடிபடும், அந்த ஓரத்தை மையமா வெச்சுத் திரும்பிக்கும். 25 மில்லி உளிக்கு அடியில பரப்பு நெறைய இருக்கு, அதனால தாங்கிக்குது.

ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. உளியோட சரிவு முழுக்க மார்க்கர் மை தடவுங்க. ஜிக்குல மாட்டி 2000 பேப்பர்ல ரெண்டே ரெண்டு இழுப்பு. மை எந்த மூலையில போயிருக்குன்னு பாருங்க. அப்பறம் கழட்டி, வலது நட்டை முதல்ல முறுக்கி அதையே செய்யுங்க. மை போற மூலை மாறுச்சுன்னா பட்டைதான் காரணம்.

இன்னொண்ணுங்க. பேப்பரை எவ்வளவு அகலத்துக்கு ஒட்டியிருக்கீங்க? ஒரு பேரிங் பேப்பர் மேலயும் இன்னொண்ணு வெறுங் கண்ணாடி மேலயும் ஓடுனா, பேப்பரோட கனம் கால் மில்லின்னு வெச்சாலும், 30 டிகிரியில அது கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகி வாயில, அதாவது வெட்டற விளிம்புல, தெரியும். 50 மில்லி தகட்டுல கிட்டத்தட்ட 0.4 மில்லி கோணல்.

#3 தறித்தச்சு (பவானி)

தம்பி, நான் குழித்தறி சாமான் செய்யறவன். வயசு அறுவத்தி ரெண்டு. பேரன்தான் இதைப் படிச்சுக் காட்டி, நான் சொல்லச் சொல்ல எழுதறான்.

ஜிக்கைப் பத்தி எனக்குத் தெரியாது. உளியைப் பத்தித் தெரியும். நீங்க சொன்னதுல சரிவைப் பத்தி மட்டும்தான் இருக்குது, முதுகைப் பத்தி, அதான் சரிவுக்கு எதிர்ப்பக்கத் தட்டை முகத்தைப் பத்தி, ஒரு வார்த்தை காணோம். உளிக்கு வாய்ங்கறது ரெண்டு முகம் சேர்ற எடம். சரிவை என்னதான் கண்ணாடியாட்டம் தேச்சாலும், முதுகுல கடையில வாங்கும்போது இருந்த அரம் தேச்ச கோடு அப்படியே கெடந்தா அந்தக் கோடெல்லாம் வாயில வந்துதான் முடியும். வாய் ரம்பப்பல்லாட்டம் இருக்கும். மொதல்ல முதுகைப் படுக்க வெச்சுத் தேய்ங்க. முழு நீளத்துக்கும் வேண்டாம், நுனியிலிருந்து ரெண்டு விரக்கடை போதும். உங்க மூஞ்சி தெரியோணும். உளி ஆயுசுக்கும் ஒரே தடவை செய்யற வேலை, அதுல சலிப்புப் படக்கூடாது.

அப்பறம் தீட்டி முடிச்சதும் முதுகுப் பக்கம் பெருவிரலை வாய்க்குக் குறுக்கால மெல்ல இழுத்துப் பாருங்க. பிசிறு தட்டுப்படும். ஒரு ஓரத்துலிருந்து மறு ஓரம் வரைக்கும் தொடர்ச்சியா தட்டுப்பட்டாத்தான் அந்தப் பேப்பர்ல வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம். நடுவுல விட்டுப்போனா வாய் வரைக்கும் இன்னும் தேயலை. அவசரப்பட்டு அடுத்த பேப்பருக்குப் போனா அந்த எடம் மழுங்கலாவே நிக்கும்.

வாயை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. கூரான வாய்க்கு வெளிச்சத்தைத் திருப்பிக் காட்ட அகலமே இருக்காது. வெள்ளையா ஒரு கோடோ புள்ளியோ மின்னுச்சுன்னா, மின்னற எடம் மழுங்கல்.

#4 லாரிபாடி (நாமக்கல்)

நானும் மரவேலைதான், லாரிக்கு பாடி கட்டறோம். எனக்கு இந்த ஜிக்கு மேல நம்பிக்கை இல்லீங்க, ஏன்னு சொல்லீர்றேன். எங்க கிட்ட இருக்கற உளியில பாதி, பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில கொல்லுப்பட்டறையில அடிச்சு வாங்குனது. அதுக்கு ரெண்டு பக்கமும் இணையா இருக்காது. காம்புகிட்ட அகலம், வாய்கிட்ட குறுகல், இல்லீன்னா அதுக்கு நேர்மாறா. பக்கத்துக்கு மட்டம் வெச்சு மாட்டுனா எப்படி நேரா வரும்? அண்ணனோட 6 மில்லி உளியும் அப்படி ஒண்ணா இருக்கலாம். கம்பெனி உளியா, பட்டறை உளியா?

அப்பறம் 25 டிகிரி, 30 டிகிரிங்கறது உங்க மாதிரி கைத்தள்ளுல சீவற வேலைக்கு. கொட்டாப்புளியில ஓங்கி அடிச்சு வேலமரத்துல துளை எடுக்கற எங்களுக்கு 35க்குக் கம்மியா வெச்சா மத்தியானத்துக்குள்ள வாய் ஒடிஞ்சுரும்.

எலக்ட்ரிக் சாணையில வைக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தைங்க. புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன் போன வாரம் நல்ல உளியை நீலம் பாய விட்டுட்டான். நீலம் பாஞ்ச எடத்துல பதம் போயிருச்சுன்னு அர்த்தம், அவ்வளவு தூரத்தையும் தேச்சுத் தள்ளித்தான் ஆகோணும். அந்தச் சக்கரம் நிமிசத்துக்கு 2,800 சுத்துக்கு மேல சுத்துது. ரெண்டு எண்ணி முடிக்கறதுக்குள்ள எடுத்துத் தண்ணியில முக்கோணும். விரல்ல சூடு தெரியற வரைக்கும் காத்திருந்தா நுனி அதுக்குள்ள வெந்திருக்கும்.

#5 பேட்டர்ன்கடை

எல்லாத்துக்கும் ரொம்ப நன்றிங்க. பொழுதோட கடை மூடுன பொறகு உக்காந்து ஒவ்வொண்ணா பாத்தனுங்க.

குறிச்சித் தம்பி சொன்ன மை சோதனை: இடது நட்டை முதல்ல முறுக்குனா இடது மூலை மை போகுது, வலதை முதல்ல முறுக்குனா வலது மூலை. நான் பழக்கத்துல எப்பவுமே இடதுதான் முதல்ல முறுக்கியிருக்கேன். பதினஞ்சு நாளா நான் தேடுன கோணல் என் கையிலயே இருந்திருக்குதுங்க.

நாமக்கல் அண்ணா கேட்டதும் சரி. அது கம்பெனி உளிதான், ஆனாலும் வெர்னியர் வெச்சுப் பாத்தா வாய்கிட்ட 6.1, நாலு விரக்கடை மேல 6.5. நான் இடது பக்கத்துக்கு மட்டம் வெச்சு மாட்டிட்டு இருந்தேன். ரெண்டு தப்பு ஒட்டுக்கா சேர்ந்திருக்கு.

பவானி ஐயா, உங்க வார்த்தையைப் படிச்சுட்டு எல்லா உளியையும் திருப்பிப் பாத்தனுங்க. 19 மில்லி உளியோட முதுகுல நடுவுல பள்ளமும் மூலையில மேடும். கண்ணாடி மேல 320ல அரை மணி நேரம் ஆச்சு. முடிஞ்ச பொறகு அதே உளியில தேக்கோட வெட்டுமுகத்தைச் சீவினேன். முன்னெல்லாம் தூளாத்தான் உதிரும். இப்ப சுருளா வருது. வெட்டுன எடத்துல மெழுகு பூசுன மாதிரி நெகுநெகுன்னு, ரேகை ஒவ்வொண்ணும் எண்ணலாம்.

இப்ப என் சந்தேகம் கோணத்தைப் பத்திங்க. எவ்வளவு நீளம் வெளிய விட்டா எத்தனை டிகிரின்னு எப்படிக் கணக்குப் போடறது? வாங்கற ஜிக்குல கீழயே போட்டிருக்காங்க. எக்லிப்ஸ் 36 மாதிரியில உளிக்கு 40 மில்லி விட்டா 25 டிகிரி, 30 மில்லி விட்டா 30 டிகிரி. இழைப்புளித் தகட்டுக்கு 50, 38. அந்த அளவை என் கட்டைக்கு வெச்சா ஒத்து வரலை.

#6 குறிச்சி லேத்

அந்த அளவு அந்த ஜிக்குக்கு மட்டும்தாங்கண்ணா. அதுல உளி ஒரு உயரத்துலயும் தகடு வேற உயரத்துலயும் பிடிபடும், அதனாலதான் ரெண்டுக்கும் வேற வேற நீளம். உங்க கட்டைக்கு நீங்களே போட்டுக்கலாம், பத்தாங்கிளாஸ் கணக்குதான்.

மூணு அளவு வேணும். பேரிங்கோட ஆரம், உங்களுக்கு 11. அச்சோட, அதாவது பேரிங் மாட்டுன போல்ட்டோட, மையத்துலிருந்து உளியோட முதுகு வரைக்கும் உள்ள உயரம். கட்டை 16, உளியோட கனம் 4ன்னு வெச்சா மொத்தம் 20. அப்பறம் வேண்டிய கோணம். அந்த உயரத்தைக் கோணத்தோட கொசைனால பெருக்கி, ஆரத்தைக் கூட்டி, வர்றதை சைனால வகுங்க. கெடைக்கறது அச்சுலிருந்து வாய் வரைக்கும் உள்ள நீளம்.

உங்க உளிக்கு 25 டிகிரின்னா 69 மில்லி, 30ன்னா 56.6, நாமக்கல் அண்ணன் கேக்கற 35ன்னா 47.7. அச்சு முன்முகத்துலிருந்து 10 மில்லி உள்ள இருக்கறதால, கட்டைக்கு வெளிய நீட்ட வேண்டியது 59, 46.6, 37.7.

இழைப்புளித் தகடு 2 மில்லிதான் கனம். அப்ப உயரம் 18. 25க்கு 54.6, 30க்கு 43.2 வெளிய விடோணும். உளிக்கு வெச்ச 46.6லயே தகட்டையும் மாட்டுனா 30க்குப் பதிலா 28.3தான் கெடைக்கும். கனத்துல 2 மில்லி வித்தியாசம் 1.7 டிகிரியைத் தின்னுரும்.

அதுக்காகப் பயந்துக்காதீங்க. 28 ஆனாலும் 31 ஆனாலும் மரம் கேக்கப் போறதில்லை. இன்னைக்கு 28ல தீட்டுனதை நாளைக்கும் அதே 28ல மாட்டறீங்களாங்கறதுதான் சங்கதி. 30 பக்கத்துல ஒரு மில்லி முன்னப் பின்ன ஆனா அரை டிகிரி மாறும். அரை டிகிரி கம்மியாப் போனாலே பேப்பர் சரிவோட பின்பக்கத்தைத் தொட்டுட்டு இருக்கும், வாயைத் தொடாது. நீங்க பாட்டுக்குத் தேச்சுட்டே இருப்பீங்க. அதனால ஒவ்வொரு தடவையும் ஸ்கேல் வெச்சு அளக்காதீங்க. அளவு தவறாம நிக்கறதுக்கு ஒரு ஏற்பாடு வேணும்.

#7 மரக்கரண்டி (கோபி)

அண்ணா, அந்த ஏற்பாடு எங்கூட்டுல இருக்குதுங்க. நான் வேப்பங்கட்டையில கரண்டி, தோசைத்திருப்பி செஞ்சு விக்கறேன். ஸ்கேல்ல அளந்து மாட்டறது எனக்கும் ஒத்து வரலை. ஒரு பழைய பலகைத் துண்டு எடுத்து, அதோட ஓரத்துலிருந்து 46.6, 59ன்னு நமக்கு வேண்டிய தூரத்துல சின்னச் சின்னக் கட்டை ஒட்டிடுங்க. ஜிக்கோட முன்முகத்தைப் பலகை ஓரத்துல முட்டுக் கொடுத்து, உளியை முன்னால தள்ளி வாய் அந்தக் கட்டையில முட்டற வரைக்கும் விட்டு முறுக்கிருங்க. அஞ்சு நொடி வேலை.

முட்டற எடத்துல மரத்தை அப்படியே விட்டா தீட்டுன வாய் குத்திக் குத்திப் பள்ளமாயி அளவு மாறிருது. எனக்கு ஒரு மாசத்துலயே அப்படி ஆச்சு. இப்ப முட்டுக்கட்டை முகத்துல பித்தளைத் தகடு ஒட்டியிருக்கேன்.

முன்ன எங்கிட்ட பேரிங் ஜிக் இல்லீங்க. ஆரம்பத்துல ஒரு சாய்வுக்கட்டை மட்டும் வெச்சுத்தான் தீட்டினேன். அடி 100 மில்லின்னா உயரம் 58 வெச்சு அறுத்தா 30 டிகிரி, 46.6 வெச்சா 25 டிகிரி. அந்தச் சாய்வு மேல உளியைக் கட்டி, கட்டையோட சேர்த்துக் கண்ணாடி மேல நகத்தலாம். கட்டையோட அடி தேயும், அதனால அடியில பழைய தட்டுல அறுத்த எவர்சில்வர்த் தகடு. காசு செலவில்லாம ஆரம்பிக்கறவங்களுக்கு இது போதும். நாலு உளிக்கு மேல வெச்சிருக்கறவங்களுக்கு பேரிங்தான் தோது.

#8 தறித்தச்சு

அம்மணி சொன்ன பலகை நல்ல யோசனை. அளவுகோல் வேற, முட்டு வேற. எங்க தறி வேலையிலயும் மிதிகட்டைக்கெல்லாம் அளவு எடுக்க மாட்டோம், முட்டு வெச்சுத்தான் அறுப்போம்.

#9 நொய்யல்கரை (காங்கயம்)

நான் மரவேலைக்காரன் இல்லை, பள்ளிக்கூடத்துல அறிவியல் எடுக்கறவன். வீட்டு ஜன்னலை நானே இழைச்சு மாட்டறதுக்காக இந்த இழையைப் படிச்சுட்டு வர்றேன். பேப்பரைப் பத்தி யாரும் பேசலை, அதனால சொல்றேன்.

கறுப்பு வாட்டர் பேப்பர்ல இருக்கறது சிலிக்கன் கார்பைடு. ரொம்பக் கடினம், ஆனா சீக்கிரம் பொடிஞ்சு போகும். அதனால புதுப் பேப்பர் முதல் இருபது இழுப்புக்கு வெறியா வெட்டும், அப்பறம் நைசாகிடும். 320 பேப்பர் பழசாச்சுன்னா 320 மாதிரி வேலை செய்யாது. அகலத் தகட்டை முதல்ல தீட்டிட்டு, பழசான அதே பேப்பர்ல சின்ன உளியைத் தீட்டுனா பேப்பர் மிச்சம். செங்காவி நிறத்துல வர்ற அலுமினியம் ஆக்சைடு பேப்பர் அவ்வளவு சீக்கிரம் உதிராது.

இந்த அலுமினியம் ஆக்சைடு மண்ணுக்குள்ள படிகமா கெடைச்சா அதுதான் குருந்தம். ஆங்கிலத்துல கொரண்டம்னு எழுதறாங்களே, அந்தச் சொல்லே நம்ம 'குருந்தம்'தான். 1890களில் சிலிக்கன் கார்பைடைச் செயற்கையா செஞ்ச அச்சிசன், கார்பனையும் கொரண்டத்தையும் சேர்த்து கார்பரண்டம்னு அதுக்குப் பேர் வெச்சார். நம்மூர்ல ஆசாரிமாருங்க 'கார்பரண்டம் கல்லு'ன்னு கேட்டு வாங்கும்போது ஊரைச் சுத்திட்டு வந்த சொந்தச் சொல்லைத்தான் கேக்கறாங்க. எங்க சிவன்மலைப் பக்கத்துப் பாறையில குருந்தம் இருக்கறதைப் பத்தி இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 1901லயே எழுதியிருக்கு. முன்னெல்லாம் குருந்தப் பொடியை அரக்குல குழைச்சுத்தான் சாணைச்சக்கரம் வார்ப்பாங்க. இந்த மண்ணுல நின்னுக்கிட்டு உளி தீட்டறதுல எனக்கு ஒரு சந்தோசம், அதான் எழுதிட்டேன்.

#10 லாரிபாடி

வாத்தியாரய்யா, நல்ல பழமை சொன்னீங்க. எங்க அப்பாருகிட்ட அப்படி ஒரு அரக்குச் சக்கரம் இருந்துது, ஒருத்தர் வார் இழுக்க இன்னொருத்தர் பிடிப்பாங்க. அதுல எந்த உளியும் நீலம் பாஞ்சதா எனக்கு ஞாபகம் இல்லை.

#11 பேட்டர்ன்கடை

ரெண்டாவது ஜிக் முடிஞ்சுதுங்க. மூணு ராத்திரி ஆச்சு. யார் யார் சொன்னது எங்க வந்திருக்குன்னு விவரமா எழுதறேன்.

அமுக்கற பட்டை இப்ப மரமில்லை, 5 மில்லி இரும்புப்பட்டை. மரப்பட்டை முறுக்க முறுக்க வில்லா வளையறதை வெளிச்சத்துக்கு எதுக்கால வெச்சுப் பாத்தா கண்ணுக்கே தெரிஞ்சுது. இரும்புப்பட்டைக்கு அடியில பழைய செருப்புத் தோல் ஒட்டியிருக்கேன். தோல் கொஞ்சம் உள்வாங்கி உளியைக் கவ்விக்குது, முன்ன மாதிரி வழுக்கறதில்லை.

சின்ன உளிக்குன்னு தனியா ஒரு செருகுகட்டை. 60 மில்லி அகலம், 7.75 மில்லி கனம். அதோட நடுவுல, 6 மில்லி உளி உக்கார்ற அளவுக்கு ஒரு காடி. காடியை உளியோட கனத்தைவிடக் கால் மில்லி மேலோட்டமா எடுத்தேன். இதுதாங்க சூட்சுமம். பட்டையை முறுக்கும்போது உளி கால் மில்லி மட்டும் மேல நிக்குது. பட்டை சாயப் பாத்தாலும் ரெண்டு பக்கமும் செருகுகட்டையே தாங்கிருது. இப்ப இடது நட்டை முதல்ல முறுக்கினாலும் வலதை முதல்ல முறுக்கினாலும் உளி அசையறதில்லை. காடிக்கு அடியில 4 மில்லி மரத்தை விட்டிருக்கறதால உயரம் 20லிருந்து 24 ஆச்சு. குறிச்சித் தம்பி கணக்குப்படி 30 டிகிரிக்கு வெளிய விட வேண்டியது 53.6. முட்டுப்பலகையில அதுக்கும் ஒரு கட்டை.

நாமக்கல் அண்ணன் சொன்னது இல்லீன்னா காடியிலயும் தப்பு பண்ணியிருப்பேன். உளி வாய்கிட்ட குறுகலா இருக்கறதால காடிச்சுவரோட இணையா நிக்காது. அதனால உளியோட முதுகுல ஊசியால நடுக்கோடு கீறினேன். வாய்கிட்ட அகலத்துல பாதி, மேல அகலத்துல பாதி, ரெண்டு புள்ளியையும் சேர்த்து ஒரு கோடு. காடியைக் கொஞ்சம் அகலமா எடுத்து, அந்தக் கோட்டுக்கு நேரா உளியை வெச்சு, ரெண்டு பக்கமும் சீட்டுக்கட்டு அட்டையை நறுக்கி அடைச்சேன். பட்டறை உளிக்கும் இதே முறை செல்லும்னு நெனைக்கறேன், அண்ணா பாத்துச் சொல்லோணும்.

வேலை இப்படி நடக்குதுங்க. சரிவை 25ல ஒரே ஒரு தடவை 320ல முழுசா எடுத்துட்டேன். இனி தினமும் 30ல வாய் மட்டும்தான். 1500ல எட்டு இழுப்பு, 2000ல எட்டு இழுப்பு. பின்னால இழுக்கும்போது மட்டும் அமுக்கறேன், முன்னால தள்ளும்போது அமுக்குனா வாய் பேப்பருக்குள்ள கொத்தி, பேப்பரும் கிழிஞ்சு வாயும் போகுது. பொறகு முதுகைப் படுக்க வெச்சு ரெண்டு இழுப்பு, பிசிறு போயிரும். கடைசியா பலகையில ஒட்டுன தோல்பட்டையில பச்சை பாலிஷ் தடவி அஞ்சாறு இழுப்பு. எல்லாம் சேர்த்து ரெண்டு நிமிசம். வாயோரம் மயிரிழையா ஒரு வெள்ளிக்கோடு தெரியும், அவ்வளவுதான் தேயற இரும்பு. அந்தக் கோடு ரெண்டு மில்லிக்கு அகலமானா மறுபடியும் 25ல எடுத்துக்க வேண்டியதுதான்.

இன்னைக்குக் காலையில ஒரு கோர் பாக்ஸ்ல (காஸ்டிங்குக்குள்ள குழி விட வைக்கற மண்கட்டையை வார்க்கற பெட்டி) மூலை எடுத்தேன். 6 மில்லி உளி, வெறும் கைத்தள்ளு. மூலை சுத்தமா, கத்தியில கீறுன மாதிரி வந்துது. மணிக்கட்டு வலிக்கலீங்க. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமா எழுதினேன்.

இன்னும் ஒண்ணு பாக்கி நிக்குது. இழைப்புளிக்கோடு.

#12 குறிச்சி லேத்

அதுக்குக் காரணம் உங்க ஜிக் நேரா தீட்டறதேதாங்கண்ணா. தகட்டோட ரெண்டு மூலையும் கத்திமுனையாட்டம் நிக்குது, அந்த மூலைதான் பலகையில கோடு கீறுது. மூலையைக் கொஞ்சம் ஏத்தி விடோணும். அகலமா ரெண்டு பேரிங் இருக்கற ஜிக்குல தகட்டைப் பக்கவாட்டுல சாய்க்க முடியாது. நடுவுல ஒரே பேரிங் வெச்ச ஜிக்குன்னா விரலை மாத்தி மாத்தி அமுக்கி மூலையைத் தேய்க்கலாம். அந்த ஜிக்குல சின்ன உளி ஆட்டம் காட்டும். ஆக, தகட்டுக்கு ஒண்ணு, உளிக்கு ஒண்ணு.

#13 தறித்தச்சு

அதுக்கு எதுக்குத் தம்பி இன்னொரு ஜிக். உங்க ஜிக்குல தகட்டைத் தீட்டி முடிங்க. கழட்டுங்க. கையில பிடிச்சு, இடது மூலை மேல விரலை வெச்சு நைஸ் பேப்பர்ல ஆறு இழுப்பு, வலது மூலையில ஆறு இழுப்பு. ரெண்டு மூலையும் வெளிச்சம் தெரியாத அளவுக்கு ஏறியிருக்கும். நடுவுல இருக்கற நேரு கெடாது. பலகையைப் பலகையோட ஒட்டறதுக்கு ஓரம் இழைக்கறப்ப நேரான தகடு வேணும், முகம் இழைக்கறப்ப மூலை ஏறுன தகடு வேணும். முடிஞ்சா தகடு ரெண்டு வெச்சுக்குங்க.

இவ்வளவு நாளும் கைக்குத் தெரியாததை ஜிக் எங்க தெரிஞ்சுக்கப் போகுதுன்னு நெனைச்சுட்டு இருந்தேன். உங்க காடிக்கட்டையைப் படம் போட்டுப் பேரன் காட்டுனான். அது நல்ல தச்சுவேலை, மனசாரச் சொல்றேன். எனக்கும் இப்ப சின்ன உளி பிடிக்கறப்ப விரல் மரத்துப்போகுது. அந்த அளவையெல்லாம் பேரன்கிட்ட ஒரு தடவை சொல்லிக் கொடுங்க.

#14 மரக்கரண்டி

அண்ணா, ஒரு சந்தேகமுங்க. பேப்பர் மேல தண்ணி தெளிச்சுத்தானே தீட்டறோம். அந்தச் சேறு பேரிங்குக்குள்ள போகாதுங்களா?

#15 பேட்டர்ன்கடை

போகுமுங்க அம்மணி. முதல் ஜிக்குல வாங்குன பேரிங் தகட்டுமூடி, ஒரு வாரத்துல கரகரன்னு ஆயிருச்சு. ரெண்டு பக்கமும் ரப்பர் மூடி போட்ட பேரிங்கா கேட்டு வாங்குங்க. நான் தண்ணியையும் விட்டுட்டேன். மண்ணெண்ணெய் ரெண்டு சொட்டு, இல்லீன்னா தையல் மிஷின் எண்ணெய். முடிச்சதும் துணியால தொடைச்சு வெக்கறேன்.

பவானி ஐயா, பேரன்கிட்ட போன்ல சொல்லி வெளங்காதுங்க. கட்டை அறுக்கும்போதே ரெண்டு சோடியா அறுத்துட்டேன், இன்னொரு ஜிக்கு கையில இருக்கு. ஞாயித்துக்கிழமை அந்தியூர்ல ஒரு ஒறம்பரை வீட்டுக்கு வர்றேன். போற வழியில பவானியில எறங்கி கொடுத்துட்டு, உங்க உளியோட கனத்துக்குத் தக்கன முட்டுப்பலகையையும் அங்கயே ஒட்டிக் கொடுத்தர்றேன். உங்க 6 மில்லி உளியை மட்டும் அதுவரைக்கும் தீட்டாம வெச்சிருங்க. நீங்க கையில பாதி தீட்டிக் காட்டோணும், மிச்சத்தை ஜிக்குல நான் தீட்டறேன்.